சுகந்தி ரயில் ஏறினாளா?

கோயம்புத்தூர்,
9.6.2025

பங்காரு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அதனால் வெறும் பங்காரு.

சனிக்கிழமை பெருநாள் வாழ்த்துச் சொல்ல நீ கூப்பிட்டாய். நான் "பொய்க்காரி" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதற்கப்புறம் பதினோரு தரம் கூப்பிட்டிருக்கிறாய். உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். உன்னோடு போனில் சண்டை போட என்னால் ஆகாது. ஒரே நாளில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான் நாம் இரண்டு பேரும். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பேசி, கடைசியில் முருங்கைக்காய் விலையில் கொண்டுபோய் நிறுத்துவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுதாகப் படி.

தம்பி வஹீதின் மகள் நிதா பெருநாளுக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தக் காலத்தில் தூர்தர்ஷனில் போட்ட டெலிஃபிலிம்களைப் பற்றி வாயை விட்டேன். பாட்டு இல்லை, சண்டை இல்லை, இரண்டு ரூம், ஒரு ரயில் நிலையம், அதற்குள் ஒரு முழு வாழ்க்கை இருக்கும் என்றேன். "பேர் சொல்லுங்க மாமி" என்றாள். 'இரண்டாவது நடைமேடை' என்றேன். அவள் போனில் எதையோ தட்டினாள். வந்துவிட்டது! எந்தப் புண்ணியவானோ அன்றைக்கு வீடியோ கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்து, இப்போது யூடியூபில் ஏற்றியிருக்கிறான். நடுநடுவே கோடு கோடாக ஓடுகிறது. ஒரு இடத்தில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டைகூட அப்படியே இருக்கிறது. நான் அழுதே விட்டேன்.

நிதாவுக்குப் பொறுமை இல்லை. "ஏன் மாமி, அந்தம்மா தண்ணி கொண்டாந்து வெக்கறதையே இத்தன நேரம் காட்டறாங்க?" என்று கேட்டாள். அப்படித்தான் காட்டுவார்கள், வாயை மூடிக்கொண்டு பார் என்றேன்.

உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன், பிறகு வேறு படம் என்று நீ நழுவக் கூடாது. 1988. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுகந்தி என்ற டைப்பிஸ்ட். அம்மா, அண்ணன், அண்ணி எல்லோருக்கும் அவள் சம்பளம் வேண்டும். நாக்பூரில் நல்ல வேலை கிடைக்கிறது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. கடைசியில் பெட்டியோடு நடைமேடையில் நிற்கிறாள். ரயில் வருகிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் கோட்டைமேட்டில் கரண்ட் போனது. கொடைக்கானல் பக்கம் ஆண்டெனாவைத் திருப்பி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி முன்னால் உட்கார்ந்திருந்த இருபது பேரும் "அய்யோ" என்று கத்தினோம்.

நீ அப்போது பீளமேட்டில் மில்காரர் வீட்டு மருமகள். உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் உண்டு. திங்கட்கிழமை காலையில் டியூட்டியில் உட்கார்ந்த கையோடு உன்னைத்தான் கூப்பிட்டேன். சுகந்தி போனாளா என்று கேட்டேன். "போகலை அம்மணி, ஊட்டுக்கே திரும்பி வந்துட்டா" என்றாய்.

அந்த வாரம் எனக்கு என்ன நேரம் என்று உனக்குத் தெரியும். சென்னைப் பயிற்சி மையத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சம்மதமா இல்லையா என்று ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதம். எனக்கு இருபத்தேழு வயது. சுகந்தியே திரும்பி வந்துவிட்டாள், நான் எந்த மூலைக்கு என்று செவ்வாய்க்கிழமை 'சம்மதமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அதே ஊரில், அதே எக்ஸ்சேஞ்சில், கடைசி நாள்வரை இருந்து ரிட்டையர் ஆனேன்.

வெள்ளிக்கிழமை முடிவைப் பார்த்தேன். சுகந்தி ரயில் ஏறிப் போய்விடுகிறாள், பங்காரு. திரும்பியே பார்க்கவில்லை.

ஏன் பொய் சொன்னாய்? ஒரே கேள்வி. பதில் எழுது.

சாஜிதா பேகம்


அன்னூர்,
14.6.2025

அன்புள்ள சாஜி,

நான் அன்புள்ள என்றுதான் எழுதுவேன். எனக்குக் கை வருகிறது.

பெருநாள் அன்றைக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவளைப் பொய்க்காரி என்கிறாய். என்ன ஏது என்று கேட்கலாம் என்றால் பிளாக். அறுபத்தைந்து வயதில் என்னை பிளாக் செய்த முதல் ஆள் நீதான். என் மருமகள் பிரீத்திகாவின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், அதையும் எடுக்கவில்லை. கடைசியில் தபாலாபீஸில் போய்க் கவர் கேட்டால் அந்தப் பையன், "ஏனுங்கம்மா, கோயமுத்தூருக்குத்தானுங்க, போன் பண்ணிக்கலாமுங்களே?" என்கிறான்.

சரி, படத்துக்கு வருகிறேன். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் பார்த்த படத்துக்கு இப்போது என்னைக் கூண்டில் ஏற்றுகிறாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் திரும்பித்தான் வந்தாள். இரண்டு பக்கமும் திறக்கும் இரும்புக் கேட். அவள் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள். நாய் ஓடி வந்து காலைச் சுற்றுகிறது. யாரும் அவளைப் பார்த்து நீ எங்கே போனாய் என்று கேட்கவில்லை, ஏனென்றால் போனதே யாருக்கும் தெரியாது. ரூமுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடி வைத்த பீரோவில் திரும்ப அடுக்குகிறாள். கடைசிப் புடவையை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்கிறாள். அவ்வளவுதான் படம். இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேனே, இதைப் பொய் என்பாயா?

நீ பார்த்தது வேறு ஏதாவதாக இருக்கும். யூடியூபில் ஏற்றுகிறவர்கள் முன்னே பின்னே வெட்டி ஒட்டுகிறார்கள். போன வாரம்கூட எங்கள் வீட்டுக்காரர் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கொள்ளுத் தண்ணீரைக் குடித்தால் முட்டிவலி போய்விடும் என்று மூன்று நாள் குடித்தார். வயிறு போனதுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ கோபித்துக்கொண்டுதான் இருக்கிறாய், அதனால் சொல்லலாம். ஒரு டெலிஃபிலிமைப் பார்த்துவிட்டா ஒருத்தி தன் வேலையை வேண்டாம் என்பாள்? உன் அத்தா படுக்கையில் கிடந்தார். வஹீதுக்கு அப்போது வேலை இல்லை. நீ எதற்காகப் போகவில்லையோ அதற்காகத்தான் போகவில்லை. இப்போது உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டுகிறாய்.

எங்கள் ரவிதேஜா செவ்வாய்க்கிழமை கோயமுத்தூர் வருகிறான். அவனிடம் கொஞ்சம் முருங்கைக்காயும் அவரைக்காயும் கொடுத்துவிடுகிறேன். கோபத்தைக் காய்கறி மேல் காட்டாதே, வாங்கி வைத்துக்கொள்.

அன்புடன்,
பங்காரம்மா

பி.கு: பிளாக்கை எடு.


கோயம்புத்தூர்,
18.6.2025

பங்காரு,

முருங்கைக்காய் வந்தது. உன் மகனை வாசலில் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. வாங்கிக்கொண்டேன். அதனால் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். வெட்டி ஒட்டியிருப்பார்களோ என்று படத்தை இன்னொரு தரம் முழுதாகப் பார்த்தேன். கையில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்த்தேன். லீவை நீட்டிக்கொண்டு இன்னும் இங்கேயே இருக்கும் நிதா, "மாமி, பரீட்சைக்கா படிக்கறீங்க?" என்று கிண்டல் செய்தாள்.

இப்போது கேள். சுகந்தி வீட்டுக்குக் கேட்டே கிடையாது. சந்துக்குள் இருக்கும் ஒண்டுக்குடித்தனம். வாசலில் ஒரு சாக்குப் படுதா, அவ்வளவுதான். நாய் கிடையாது, பூனைகூடக் கிடையாது. பீரோ கிடையாது. அவர்கள் துணியெல்லாம் கொடியில் தொங்குகிறது; படம் முழுக்க அந்தக் கொடியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். முகம் பார்ப்பதற்கு அண்ணன் ஷேவிங் செய்யும் கைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதுவும் உடைசல்.

இரண்டு பக்கமும் திறக்கும் இரும்புக் கேட் யார் வீட்டில் இருந்தது? ஓடி வந்து காலைச் சுற்றுகிற நாய் யார் வீட்டு நாய்? கண்ணாடி வைத்த பீரோவை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்? உன் கல்யாணச் சீராகப் பல்லடத்திலிருந்து உங்கள் அப்பா லாரியில் ஏற்றி அனுப்பியதல்லவா அது? நீ சொன்னது சுகந்தி வீடு இல்லை, பங்காரு. பீளமேட்டில் உன் ரூம்.

ஆக, முடிவை நீயாகக் கட்டினாய். அது மறதி இல்லை. மறதியில் ஒன்று விட்டுப்போகும், இப்படி ஒரு வீடே முளைக்காது. எதற்காகக் கட்டினாய் என்றும் எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமானதும் உன்னை வேலையை விடச் சொன்னார்கள். அந்தப் பெரிய வீட்டில் உனக்குப் பேச ஆள் கிடையாது. காலையில் அழைப்புகள் குறைந்த நேரம் நான் லைன் போட்டுக் கூப்பிடுவேன், ஆபீஸ் கதையெல்லாம் கேட்பாய், சிரிப்பாய். நான் சென்னைக்குப் போய்விட்டால் அந்தக் கால் மணி நேரமும் உனக்குப் போய்விடும். அதற்காக என்னை இங்கேயே கட்டிப்போட்டாய். உன் பொழுதுபோக்குக்கு என் வாழ்க்கை.

அந்த வேலைக்கு எனக்குப் பதிலாக வேறொருத்தி போனாள். எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். பின்னாளில் டெல்லி வரைக்கும் போனாள். அவள் ரிட்டையர்மென்ட் விழாப் படத்தை யாரோ குரூப்பில் போட்டிருந்தார்கள், மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். நானும் 'வாழ்த்துகள்' என்று போட்டேன். வேறென்ன போடுவது?

உண்மையைச் சொல்வதாக இருந்தால் மட்டும் எழுது. இல்லையென்றால் தபால் பையனுக்குத் தொந்தரவு கொடுக்காதே.

சாஜிதா பேகம்


அன்னூர்,
5.7.2025

சாஜி,

இரண்டு வாரத்தில் நாலு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். பிரீத்திகா, "என்னங்க அத்தை, யாருக்குங்க எழுதறீங்க?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். இது ஐந்தாவது. இதை அப்படியே ஒட்டி அனுப்பிவிடுவேன், திரும்பப் படித்தால் இதையும் கிழிப்பேன்.

நான் அந்த முடிவைப் பார்க்கவே இல்லை.

ஜெனரேட்டர் ஓடியது, கலர் டிவி ஓடியது, எல்லாம் நிஜம். சுகந்தி நடைமேடைக்கு வந்து பெட்டியைக் கீழே வைத்தாள். அந்த நேரம் வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளகோவிலிலிருந்து மாமனாரைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது, பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினான்கு பேர். மாமனார் ஹாலிலிருந்து, "அம்மணி, காபி" என்றார். பதினான்கு காபி கலந்து, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது டிவி அணைந்திருந்தது. "விருந்தாளிங்க வந்துருக்காங்க, டிவி என்னத்துக்கு?" என்று மாமனாரே அணைத்துவிட்டாராம். யாரும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. அங்கே ஒருத்தி படம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் நீ கூப்பிட்டாய். எக்ஸ்சேஞ்சில் நீங்களெல்லாம் பேசிக்கொள்வீர்கள், பங்காரு மகாராணி மாதிரி உட்கார்ந்து ஜெனரேட்டரில் படம் பார்க்கிறாள் என்று. காபி கலக்கப் போய்விட்டேன், கடைசிப் பத்து நிமிஷம் பார்க்க விடவில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. நீ சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய டிவியில் ஊரையே உட்கார வைத்துப் பார்க்கிறவள்.

பீரோவைக் கண்டுபிடித்துவிட்டாய். நீ கண்டுபிடிக்காதது ஒன்று இருக்கிறது. அந்த வாரம் நானும் ஒரு பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். பல்லடத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாதம் இருந்து, திரும்ப வேலைக்கு எழுதிப் போடலாம் என்று. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. படம் முடிந்ததும் கிளம்புவதாக இருந்தேன். சிரிக்காதே. சுகந்தி என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். படமும் முடியவில்லை, நானும் போகவில்லை. வெள்ளகோவில்காரர்கள் போனதும் கேட்டைச் சாத்தினேன், நாய் காலைச் சுற்றியது, ரூமுக்கு வந்து புடவையெல்லாம் எடுத்துத் திரும்ப பீரோவில் அடுக்கினேன். மறுநாள் காலையில் நீ சுகந்தி என்ன செய்தாள் என்று கேட்டாய். நான் என்ன செய்தேனோ அதைச் சொன்னேன்.

உன்னைக் கட்டிப்போடுவதற்காகச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படி இருந்தால்கூட உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் இல்லையா? இல்லை, சாஜி. அந்த நிமிஷம் நான் உன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. உன் சென்னை வேலை என் ஞாபகத்திலேயே இல்லை. நீ அதைக் கேட்டு என்ன முடிவெடுப்பாய் என்று ஒரு விநாடி யோசித்திருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். யோசிக்கவில்லை. அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். இதைச் சொல்ல எனக்கு முப்பத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது, என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

பங்காரம்மா


கோயம்புத்தூர்,
9.7.2025

அன்புள்ள பங்காரு,

உன் மேல் இருந்த கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

நீ ஒன்றை ஒத்துக்கொண்டாய். நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நியாயம் இல்லை.

செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா? செவ்வாய்க்கிழமை இல்லை. சனிக்கிழமை. படம் போடுவதற்கு முதல் நாள் மத்தியானமே 'சம்மதமில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்தபோது என் கதை முடிந்திருந்தது.

அத்தாவுக்காகவும் இல்லை. ஊரெல்லாம் அப்படித்தான் நினைத்தார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். அத்தாவுக்கு அப்போது பேச்சு குழறும். ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போம்மா, வஹீது பாத்துக்குவான், நீ போ" என்று இரண்டு தரம் சொன்னார். நான்தான் போகவில்லை. பயம், பங்காரு. தெரியாத ஊரில் ஒரு ஹாஸ்டல் ரூம், முன்னால் நாற்பது பெண்கள், நான் நின்று பாடம் நடத்த வேண்டும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எந்த ஊர் கலெக்டரிடமும் பேசுவேன். முகத்துக்கு நேராக நாலு பேரைப் பார்த்துப் பேச எனக்கு வராது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் உன்னைக் கூப்பிட்டபோது எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. நீ அதைக் கொடுத்தாய். சுகந்தி திரும்பி வந்துவிட்டாள் என்றதும் அப்பாடா என்றிருந்தது. எக்ஸ்சேஞ்சில் வேறு யாரிடமும் நான் கேட்கவில்லை. பாதிப் பேர் வீட்டில் கரண்ட் இருந்தது, கேட்டால் சொல்லியிருப்பார்கள். யாராவது அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். முப்பத்தேழு வருஷம் நீ சொன்ன முடிவுக்குள்தான் குடியிருந்தேன். போன மாதம் அவள் ரயில் ஏறியதும் எனக்கு ஒதுங்க இடமில்லாமல் போய்விட்டது. அந்த ஆத்திரத்தைத்தான் உன் மேல் கொட்டினேன்.

நீ கட்டிய பெட்டியைப் பற்றி அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாம். தினமும் கால் மணி நேரம் பேசினோமே, எதைப் பேசினோம்? உன்னைத் திட்ட ஆரம்பித்தால் எனக்குப் பேப்பர் போதாது.

அந்த முடிவை நீயும் பார்க்கவில்லை என்றால் போய்ப் பார். பிரீத்திகாவிடம் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பாள்.

சாஜிதா


அன்னூர்,
14.7.2025

அன்புள்ள சாஜி,

நேற்று மத்தியானம் பார்த்தேன். பிரீத்திகா ஹாலில் பெரிய டிவியிலேயே போட்டுக் கொடுத்துவிட்டு, "என்னங்க அத்தை இவ்வளவு மெதுவா போகுது" என்று எழுந்து போய்விட்டாள். எனக்கு மெதுவாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எல்லாப் படமும் இப்படித்தானே, ஒருத்தி ஒரு டம்ளரைக் கழுவி வைத்தால் அது நம் வீட்டு டம்ளர் மாதிரி இருக்கும்.

சுகந்தி பெட்டியோடு நடைமேடைக்கு வந்தபோது நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். சொல்லி வைத்த மாதிரி எங்கள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "பங்காரு, காபி" என்றார். மறுபடியும் கூப்பிட்டார். "இருங்க, படம் முடியட்டும்" என்றேன். நாற்பது வருஷத்தில் அவர் அப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. பதறி எழுந்து வந்து, "ஏம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எரிச்சலில் கையைத் தட்டிவிட்டேன். பாவம், பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

உன்னிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ரயில் ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். இரண்டு தரம் பார்த்தாய், பேப்பர் பேனாவோடு பார்த்தாய், முக்கியமானதை விட்டுவிட்டாயே! ரயில் நகர்ந்ததும் அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறாள். தயிர்சாதம். சாப்பிடுகிறாள். படம் தொடங்கியதிலிருந்து எல்லோருக்கும் பரிமாறுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், இலை எடுக்கிறாள். அவள் சாப்பிட்டு நாம் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. ரயிலில்தான் சாப்பிடுகிறாள். நன்றாகப் பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி, பொட்டலம் காலியாகும்வரை. எங்கள் வீட்டுக்காரர்கூட, "பாவம், எத்தன பசியோ" என்றார். ஒரு முடிவை ஒழுங்காகச் சொல்ல எனக்குத்தான் தெரியவில்லை என்றால் உனக்கும் தெரியவில்லை.

நீ பயந்தாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அதே பயம்தான், சாஜி. காபி ஒரு சாக்கு. அவர்கள் பதினான்கு பேரும் போன பிறகு எனக்குப் பல்லடம் பஸ் இருந்தது.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். பொய்யைச் சொன்னபோது உன்னைப் பற்றி நினைக்கவில்லை என்றேன், அது நிஜம். ஆனால் மறுநாள் செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டு, 'சென்னை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்' என்று சொன்னாய். உன் குரல் சரியாக இல்லை. எனக்கு அது நன்றாகக் கேட்டது. குரலைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொள்ள நமக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்களே. அப்போது நான் சண்டை போட்டிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்கு என்று கத்தியிருக்க வேண்டும். இன்னும் நாலு நாள் நேரம் இருந்தது என்று நீயே சொன்னாய். நான் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன். வைத்துவிட்டு, நீ எங்கேயும் போகவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

இதற்கு நீ என்னைத் திட்டத்தான் வேண்டும். கடிதத்தில் வேண்டாம், வந்து திட்டு.

பங்காரு